பொது இடங்களில் புகைத்தடை: கருத்துக் கேட்கும்போது எந்த வழியை ஆதரிப்பது?

பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்ய வேண்டுமா என்று அலுவலகமோ, குடியிருப்போர் சங்கமோ, உள்ளாட்சி அமைப்போ கருத்துக் கேட்கும்போது, பெரும்பாலும் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு கட்டங்களே தரப்படுகின்றன. புகையால் நாள்தோறும் அவதிப்படுபவருக்கும், புகைப்பது தம் சொந்த உரிமை என்று உறுதியாக நம்புபவருக்கும் குறியிடுவதில் சிரமம் இல்லை. தயங்கி நிற்பவர்கள் நடுவில் இருப்பவர்கள்தான். “உள்ளே தடை சரி, திறந்த வெளியிலுமா?”, “தனி அறை ஒதுக்கிக் கொடுத்தால் போதாதா?”, “கடையை நடத்துபவரே முடிவு செய்யட்டுமே?” என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்விகள். ஒரே வரியில் கேட்கப்படும் அந்த வினாவுக்குள் உண்மையில் நான்கு வெவ்வேறு வழிகள் அடங்கியிருக்கின்றன: கட்டடங்களுக்குள் விதிவிலக்கே இல்லாத தடை, தனிப் புகையறையோடு கூடிய தடை, உரிமையாளரின் விருப்பத்துக்கு விடுவது, திறந்தவெளிக்கும் நீளும் தடை. இவற்றைத் தனித்தனியே எடைபோடாமல் ‘ஆம்’ என்றாலும் ‘இல்லை’ என்றாலும், நாம் எதற்கு ஒப்புதல் தந்தோம் என்பது நமக்கே தெரியாமல் போய்விடும்.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், புகையைச் சுவாசிப்பவர் அங்கிருந்து விலகிச் செல்ல முடியுமா என்பது. உணவகத்துக்கு வந்த வாடிக்கையாளருக்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவர் வேறிடம் தேடிப் போகலாம். அங்கே மேசை துடைப்பவரும் பரிமாறுபவரும் போக முடியாது. ஒரு நாளின் மூன்றில் ஒரு பங்கை அந்தக் காற்றில்தான் அவர்கள் கழிக்கிறார்கள். கருத்துக் கேட்புப் படிவங்கள் வாடிக்கையாளரிடமும் குடியிருப்பவரிடமும் போய்ச் சேரும் அளவுக்கு இவர்களிடம் போய்ச் சேர்வதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். பிறர் விடும் புகையின் தீங்கு ஊகமல்ல. புகைபிடிக்காத 91,540 மனைவியரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, கணவர் புகைபிடிப்பவராக இருந்தால் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர் ஹிராயாமா 1981இலேயே எழுதினார். அந்தப் புகைக்கு ‘ஆபத்தில்லாத அளவு’ என்று எதுவும் கிடையாது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006ஆம் ஆண்டு அறிக்கை அறுதியிட்டுச் சொன்னது. ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புகைபிடிக்காதவர்கள் இதனால் உயிரிழப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

இரண்டாவது, விதி மீறப்படுகிறதா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் எவரும் சொல்ல முடியுமா என்பது. மூலைக்கு ஒரு காவலரை நிறுத்தி நடத்தப்படும் தடை எங்கும் நிலைத்ததில்லை. பக்கத்தில் இருப்பவர், “இங்கே கூடாதுங்க” என்று தயக்கமின்றிச் சொல்லக்கூடிய அளவுக்கு எளிய விதிதான் நிலைக்கிறது.

மூன்றாவது, புகைபிடிப்பவர்மீது விழும் சுமை. அவர்களில் மிகப் பலர் இளம் வயதில் தொடங்கி, விட நினைத்தும் நிகோட்டினின் பிடியிலிருந்து விடுபட முடியாதவர்கள். புகைக்கும் இடத்தை ஒழுங்குபடுத்துவது வேறு, புகைப்பவரை ஒதுக்கிவைப்பது வேறு. இந்த வேறுபாட்டைக் காக்காத தடையை நான் ஆதரிக்க மாட்டேன்.

நான்காவது, மக்களின் ஆதரவு. இதில் ஒரு கவனம் வேண்டும். தடை வருவதற்கு முன் எடுக்கும் கருத்துக் கணிப்பும், வந்து ஓராண்டு கழித்து எடுக்கும் கருத்துக் கணிப்பும் ஒரே விடையைத் தருவதில்லை. அயர்லாந்தில் புகைபிடிப்பவர்களிடம் மட்டும் தடைக்கு முன்பும் பின்பும் கேட்டபோது, மதுக்கூடங்களில் முழுத் தடையை ஆதரித்தவர்கள் 13 சதவீதத்திலிருந்து 46 சதவீதமாகவும், உணவகங்களில் 45இலிருந்து 77 சதவீதமாகவும் உயர்ந்தார்கள். புகைபிடிப்பவர்களே இப்படி மனம் மாறியிருக்கிறார்கள் என்றால், “மக்கள் இதற்கு இன்னும் தயாராக இல்லை” என்ற வாதத்தை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது.

செலவு, வருமானம் ஆகியவற்றையும் ஐந்தாவதாகச் சேர்க்கலாம். ஆனால் உணவகங்களும் மதுக்கூடங்களும் தடையால் நொடித்துப்போகும் என்ற அச்சத்தைப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 2009இல் திரட்டி ஆராய்ந்த சான்றுகள் உறுதிப்படுத்தவில்லை என்பதால், அதில் நான் அதிகம் தங்கப் போவதில்லை.

வழி ஒன்று: கட்டடங்களுக்குள் விதிவிலக்கில்லாத தடை

2004 மார்ச் 29 அன்று, மதுக்கூடங்கள் உட்பட ஏறக்குறைய எல்லா உள்ளிடப் பணியிடங்களிலும் புகைபிடிப்பதை அயர்லாந்து தடை செய்தது. நாடு தழுவிய அளவில் இவ்வளவு விரிவான தடை அதுவே முதலாவது. அந்தச் சட்டம் பணியாளரின் பாதுகாப்பை முன்வைத்து எழுதப்பட்டது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. வாடிக்கையாளரின் வசதிக்கும் உரிமையாளரின் உரிமைக்கும் நடுவே ஓயாமல் நடந்துகொண்டிருந்த வழக்கை, ‘இங்கே வேலை செய்பவரின் நுரையீரல்’ என்ற ஒரே கேள்வி முடித்துவைத்தது. தடைக்குப் பின் அங்கே மதுக்கூடங்களில் பணிபுரிந்த, புகைபிடிக்காத ஊழியர்களின் உமிழ்நீரில் கோட்டினின் அளவு 80 சதவீதம் குறைந்தது. உடலுக்குள் போன நிகோட்டினின் தடயமே கோட்டினின் என்பதால், இது எவருடைய அபிப்பிராயத்தையும் சார்ந்திராத அளவீடு. 2006 மார்ச்சில் ஸ்காட்லாந்து இதே வழியைப் பின்பற்றியபோது, ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஒன்பது மருத்துவமனைகளில் கடுமையான இதய நோயால் அனுமதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை அடுத்த ஓராண்டில் 17 சதவீதம் குறைந்தது.

இதன் மறைமுகச் செலவுகளில் அடிக்கடி சொல்லப்படுவது, வெளியே புகைக்க முடியாதவர் வீட்டுக்குள் அதிகமாகப் புகைத்துக் குழந்தைகளைப் பாதிப்பார் என்பது. நியாயமான அச்சம்தான், ஆனால் ஸ்காட்லாந்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் உமிழ்நீரைச் சோதித்தபோது கோட்டினின் அளவு 39 சதவீதம் குறைந்திருந்ததே தவிரக் கூடவில்லை. பொது இடத்தில் பழகிய கட்டுப்பாட்டைப் பலரும் தம் வீட்டு வாசலுக்குள்ளும் கொண்டுபோகிறார்கள் என்றே தோன்றுகிறது. உண்மையான செலவு வேறிடத்தில் இருக்கிறது. உள்ளே தடை செய்யப்பட்ட புகை கட்டடத்தின் வாசலில் கூடுகிறது. உள்ளே வருபவர் அனைவரும் அந்தப் புகைத்திரையைக் கடந்துதான் வரவேண்டியிருக்கிறது. மேல்தளச் சன்னல்களும் காற்றை உள்ளே இழுக்கும் குளிர்சாதனக் குழாய்களும் வாசலுக்கு அருகில் இருந்தால், வெளியேற்றிய புகை திரும்பி வந்துவிடும். வாசலிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளி என்ற ஒரு வரியைச் சேர்க்காத தடை அரைகுறையானது.

சுமையைப் பொறுத்தவரை, புகைபிடிப்பவர் சில நிமிடங்கள் வெளியே போய்வர வேண்டும் என்பதே இதன் மொத்தக் கோரிக்கை. நடமாட முடியாத நோயாளி, பூட்டிய விடுதியில் இருப்பவர் ஆகியோருக்கு மட்டும் அது எளிதன்று. அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வழி இரண்டு: தனிப் புகையறை

தயங்கி நிற்பவர்களில் பெரும்பாலோர் வந்து சேரும் இடம் இதுதான். இரு தரப்புக்கும் ஏதோ ஒன்றைத் தருவதாகவும், ‘வாழு, வாழவிடு’ என்ற நல்லெண்ணத்தின் வடிவமாகவும் இது தெரிகிறது. நானும் பல ஆண்டுகள் இதையே சரியென்று நினைத்திருந்தேன். முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் கண்ணாடிச் சுவர்களோடு கூடிய புகையறை இருந்தது; ஒவ்வொரு மாலையும் அதற்குள் போய்ச் சாம்பல் தட்டுகளைக் கொட்டித் துடைத்துவிட்டு இருமிக்கொண்டே வெளியே வந்த பெண்மணியைப் பார்த்த பிறகுதான், அந்த அறை யாரைக் காப்பாற்றக் கட்டப்பட்டது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

அறையின் சிக்கல் காற்றின் இயல்பிலேயே இருக்கிறது. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருந்த காற்றில் ஒரு பங்கு நடைவழிக்கு வருகிறது. அதைத் தடுக்க வேண்டுமானால் அறையின் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். உறிஞ்சிய காற்று கட்டடத்தின் பொதுக் குழாய்களில் கலக்காமல் நேராக வெளியேற வேண்டும். விசிறிகள் இடைவிடாமல் ஓட வேண்டும். கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். இவற்றில் ஒன்று பழுதானாலும் அறை வெறும் கண்ணாடிப் பெட்டியாகிவிடுகிறது, அதுவும் வெளியே இருப்பவர் எவருக்கும் தெரியாமல். வடிகட்டிகள் துகள்களில் ஒரு பகுதியைப் பிடித்தாலும் வாயுக்களை விட்டுவிடுகின்றன. இந்தத் தொழில்நுட்பத்தையே பிழைப்பாகக் கொண்ட அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர்கள் சங்கம், உள்ளிடத்தில் புகையின் ஆபத்தை நீக்க ஒரே வழி அங்கே புகைபிடிப்பதை நிறுத்துவதுதான் என்று 2005இல் அறிவித்தது. காற்றோட்டக் கருவிகளை விற்பவர்கள் பக்கமிருந்தே வந்த சொல் என்பதால் அதற்கு எடை அதிகம். புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலகச் சுகாதார நிறுவன உடன்படிக்கையின் 8ஆம் பிரிவுக்கு 2007இல் வகுக்கப்பட்ட வழிகாட்டு நெறிகளும், காற்றோட்டமோ தனி அறையோ முழுமையான பாதுகாப்புத் தராது என்றே சொல்கின்றன.

அடுத்தது சமநீதி. தனி அறை கட்ட இடமும் பணமும் வேண்டும். பெரிய நிறுவனங்களிடம் இரண்டும் உண்டு, ஒரே அறையில் நடக்கும் சிறு கடையிடம் இரண்டும் இல்லை. இந்தியச் சட்டம் 30 அறைகள் கொண்ட விடுதிக்கும், 30 பேரோ அதற்கு மேலோ அமரும் உணவகத்துக்கும், விமான நிலையங்களுக்கும் தனிப் பகுதி ஒதுக்க இடம் தருகிறது, அந்த எண்ணிக்கைக்குச் சற்றுக் கீழே இருப்பவர், “எனக்கு மட்டும் ஏன் இல்லை?” என்று கேட்டால் மருத்துவக் காரணம் எதையும் சொல்ல முடியாது. ஜெர்மனியில் இந்தக் கேள்வி அரசியல் சாசன நீதிமன்றம்வரை போயிற்று. பெரிய மதுக்கூடங்களுக்குத் தனி அறையை அனுமதித்துவிட்டு ஓரறைக் கடைகளை மட்டும் தடை செய்வது பாரபட்சம் என்று 2008 ஜூலையில் தீர்ப்பு வந்தது. முழுத் தடை கொண்டுவரலாம், ஆனால் விலக்கு என்று ஒன்று கொடுத்தால் சிறியவருக்கும் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இத்தாலி 2005இல் புகையறைக்கான நிபந்தனைகளைக் கடுமையாக்கியபோது, அந்தச் செலவை ஏற்று அறை கட்டியவர்கள் மிகச் சிலரே. நெதர்லாந்தில் உணவக, மதுக்கூடப் புகையறைகள் மேற்சொன்ன உலகச் சுகாதார நிறுவன உடன்படிக்கைக்கு முரணானவை என்று 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

“இதை முதல் படியாக வைத்துக்கொண்டு பிறகு முழுத் தடைக்குப் போகலாமே” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பணம் போட்டுத் தடுப்புச் சுவர் எழுப்பியவர் அடுத்த படிக்கு எதிரியாகிவிடுகிறார். ஸ்பெயினில் தனிப் புகைப்பகுதியை அனுமதித்த 2006ஆம் ஆண்டுச் சட்டத்தை நம்பித் தங்கள் கடைகளைப் பிரித்துக் கட்டியவர்கள், 2011இல் முழுத் தடை வந்தபோது தங்கள் முதலீடு வீணானதாகக் குமுறினார்கள். அவர்கள்மீது குற்றமில்லை, இடைக்கால விதியை எழுதியவர்கள் மீதுதான்.

அப்படியானால் இவ்வழி எங்கே பொருந்தும்? வெளியேறவே முடியாத இடங்களில். பயணம் மாறுவோர் காத்திருக்கும் விமான நிலையப் பகுதி, சிறை, மனநல மருத்துவமனையின் பூட்டிய பிரிவு ஆகியவற்றில், மாற்று வழியில்லாதவரின் தவிப்பைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். அங்கும் கூரையில்லாத முற்றம் ஒன்றை ஒதுக்க முடிந்தால் அது அறையைவிட மேல். நிகோட்டின் மாற்று மருந்து கொடுப்பது இரண்டையும்விட மேல்.

வழி மூன்று: உரிமையாளரின் விருப்பம்

“புகை அனுமதி உண்டு என்று பலகை வைக்கட்டும், விரும்புகிறவர் போகட்டும்” என்ற வாதம் கேட்க இனிமையானது. இதைச் சோதித்துப் பார்த்த நாடு ஸ்பெயின். அதே 2006ஆம் ஆண்டுச் சட்டம், 100 சதுர மீட்டருக்குக் குறைவான கடைகள் தாமே முடிவு செய்யலாம் என்று விட்டபோது, பெரும்பாலானவை புகையை அனுமதிப்பதையே தேர்ந்தெடுத்தன. இதில் வியப்பில்லை; பக்கத்துக் கடை அனுமதிக்கும்போது தான் மட்டும் மறுத்தால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்று ஒவ்வொருவரும் அஞ்சுகிறார்கள். எல்லோரும் சேர்ந்து மறுத்தால் எவருக்கும் நட்டமில்லை, ஆனால் சேர்ந்து மறுக்க விதி ஒன்று வேண்டும். பணியாளருக்கு இவ்வழி எதையும் தருவதில்லை. சம்பளத்துக்கு ஆள் வைக்காத, பொதுமக்களுக்குத் திறக்காத தனியார் கூடங்களுக்கும் வீடுகளுக்கும் மட்டுமே இது தகும்.

வழி நான்கு: திறந்தவெளிக்கும் நீளும் தடை

இங்கே என் மனம் ஒரே பக்கமாகச் சாயவில்லை. திறந்தவெளியில் புகை விரைவில் கலைந்துவிடும் என்பது உண்மை. அருகில் இருப்பவரைப் பாதிக்காது என்பது உண்மையன்று. 2007இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, புகைப்பவருக்கு மிக அருகில் துகள்களின் அளவு உள்ளிடத்துக்கு நிகராக உயரக்கூடும் என்றும், இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் வெகுவாகக் குறைகிறது என்றும், சிகரெட் அணைந்ததும் உடனே இறங்கிவிடுகிறது என்றும் கண்டார்கள். எனவே வெளியில் கேட்க வேண்டிய கேள்வி, அங்கே இருப்பவர் இரண்டு மீட்டர் விலக முடியுமா என்பதே. பேருந்து நிறுத்த வரிசையில் முடியாது. விளையாட்டரங்க இருக்கையில் முடியாது. குழந்தைகள் விளையாடும் திடலிலும் மருத்துவமனை வளாகத்திலும் விலகச் சொல்வதே முறையன்று. ஆளற்ற கடற்கரையில், அகன்ற பூங்காவின் ஓரத்தில் தாராளமாக முடியும்.

உடல்நலத்தைத் தாண்டிய காரணங்களும் உண்டு. டோக்கியோவின் சியோதா வட்டாரம் 2002இல் தெருவில் நடந்துகொண்டே புகைப்பதற்கு அபராதம் விதித்தது; நெரிசலில் கையிலிருக்கும் நெருப்பு பிறரைச் சுடுவதும், வீசியெறியும் துண்டுகளும் அங்கே பெரிய கவலைகளாக இருந்தன. தொங்கவிட்ட கையில் இருக்கும் சிகரெட் ஒரு சிறு குழந்தையின் முகத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் அந்தக் கவலை புரியும். சிகரெட்டின் வடிகட்டி பஞ்சுபோலத் தெரிந்தாலும் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். மணலில் புதைந்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நியூயார்க் 2011இல் பூங்காக்களுக்கும் கடற்கரைகளுக்கும் தடையை நீட்டியது. மிலான் நகரம் 2025 தொடக்கத்திலிருந்து, மற்றவரிடமிருந்து 10 மீட்டர் விலகி நிற்க முடியாத எந்தத் திறந்தவெளியிலும் புகைக்கக் கூடாது என்றது.

இதன் மறைமுகச் செலவுகள்தான் எனக்குக் கவலை தருகின்றன. அபராதம் எல்லோர் மீதும் ஒரேபோல் விழுவதில்லை. தனித் தோட்டமும் மாடமும் உள்ளவர் தம் வீட்டில் புகைப்பார். தெருவையே வேலையிடமாகவோ வீடாகவோ கொண்டவர்தான் பிடிபடுவார். இரவுப் பணியில் இருக்கும் ஒரு பெண் ஊழியரை வளாகத்துக்கு வெகுதொலைவில், வெளிச்சமில்லாத இடத்துக்குப் போய்ப் புகைக்கச் சொல்வது அவருடைய பாதுகாப்போடு விளையாடுவது. மேலும், காவலர்களால் கண்காணிக்க முடியாத அளவுக்குத் தடையை விரித்துவிட்டால், எவரும் மதிக்காத பலகைகள் பெருகி, உள்ளிடத் தடைக்கு இருந்த மதிப்பும் அவற்றோடு சேர்ந்து தேயும்.

ஒரு பார்வையில்

| அளவுகோல் | உள்ளிட முழுத் தடை | தனிப் புகையறை | உரிமையாளர் விருப்பம் | திறந்தவெளித் தடை |
|---|---|---|---|---|
| பணியாளர் பாதுகாப்பு | முழுமை | பகுதி மட்டுமே | இல்லை | வெளியில் பணிபுரிவோருக்கு ஓரளவு |
| கண்காணிப்பு | எளிது | நிபுணர் தேவை | தேவையே எழாது | கடினம் |
| புகைப்பவர்மீது சுமை | சிறிது | மிகச் சிறிது | இல்லை | இடத்தைப் பொறுத்து மிகுதி |
| மறைமுகச் செலவு | வாசல் நெரிசல் | கட்டுமானம், பராமரிப்பு, சமநீதிக் குறை | போட்டியால் எவரும் மறுக்க முடியாமை | ஏழையர்மீது அபராதம் |
| ஏற்ற சூழல் | எல்லா உள்ளிடங்களும் | வெளியேற முடியாத இடங்கள் | ஊழியர் இல்லாத தனியிடம் | வரிசை, திடல், மருத்துவமனை |

வாக்காகக் கேட்டபோது

கருத்துக் கணிப்பு ஒன்று, வாக்குச்சீட்டு வேறொன்று. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 2008இல் கடுமையான தடை வந்தது, அடுத்த ஆண்டே தளர்த்தப்பட்டது. அதன்பின் ஒரு சிறிய கட்சி முன்னெடுத்த பொது வாக்கெடுப்பில், 2010 ஜூலையில், வாக்களித்தவர்களில் சுமார் 61 சதவீதம் பேர் விலக்குகளற்ற தடையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆஸ்திரியாவில் நடைமுறைக்கு வரவிருந்த தடையை அரசு 2018இல் கைவிட்டபோது, தடை வேண்டும் என்று கோரிய மனுவில் சுமார் 8.8 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். 2019 நவம்பரில் தடை நடைமுறைக்கு வந்தது. ஆனால் சுவிட்சர்லாந்தில், புகையறைகளை அனுமதிக்கும் சட்டம் 2010இல் வந்திருந்த நிலையில், அதை மேலும் இறுக்கும் முன்மொழிவை 2012இல் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் நிராகரித்தார்கள். சமரசம் ஒன்று பழகிவிட்ட பிறகு மக்கள் அதைக் கலைக்க விரும்புவதில்லை என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். தொடக்கத்தில் எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது அதனால்தான் இவ்வளவு முக்கியமாகிறது.

மக்கள் கருத்தின் வலிமையைப் புகையிலைத் தொழில் வெகு முன்னரே அறிந்திருந்தது. 1978இல் அமெரிக்கப் புகையிலைக் கழகத்துக்காகக் கருத்துக் கணிப்பு நடத்திய ரோப்பர் நிறுவனம், புகை அருகிலிருப்பவரையும் பாதிக்கிறது என்று மக்கள் நம்பத் தொடங்கியிருப்பதே அத்தொழில் அதுவரை சந்தித்ததில் மிக ஆபத்தான மாற்றம் என்று எச்சரித்தது. அதன்பின் தனி அறை, காற்றோட்டம், பரஸ்பர மரியாதை என்ற சொற்களை அத்தொழிலே பணம் செலவிட்டுப் பரப்பியது. தனி அறையை விரும்புபவர்கள் எல்லோரும் அந்தப் பரப்புரைக்கு ஆட்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த யோசனை நமக்கு இவ்வளவு இயல்பாகத் தோன்றுவதற்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது.

படிவத்தில் எழுத வேண்டியது

என் தேர்வு, உள்ளிடத்தில் விதிவிலக்கில்லாத தடையும், வெளியில் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட இடங்களுக்கு மட்டுமான தடையும். ‘ஆம்’ என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு நிறுத்தாமல், பக்க ஓரத்திலாவது இவற்றை எழுதலாம்: புகையறை வேண்டாம், வாசலிலிருந்தும் சன்னல்களிலிருந்தும் விலக்கமான தொலைவு குறிக்கப்பட வேண்டும், வெளிச்சமும் கூரைநிழலும் சாம்பல் தொட்டியும் உள்ள வெளியிடம் ஒன்று புகைப்பவருக்கு ஒதுக்கப்பட வேண்டும், மின்சிகரெட்டுக்கும் உள்ளிடத்தில் இதே விதி. குடியிருப்புகளில் படிக்கட்டு, மின்தூக்கி, பொதுக் கூடம் ஆகியவை ‘உள்ளிடம்’ என்று வெளிப்படையாக எழுதப்படாவிட்டால் அங்கேதான் முதல் சண்டை வரும்.

விதியை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு யாருடையது என்பதையும் கேட்க வேண்டும். பல இடங்களில் அது காவலாளி மீதோ, புதிதாகச் சேர்ந்த பணியாளர் மீதோ சுமத்தப்படுகிறது. மேலதிகாரி ஒருவர் புகைத்துக்கொண்டிருக்கும்போது அவரால் என்ன சொல்லிவிட முடியும்? அபராதம் புகைத்தவருக்கு மட்டுமன்றி, அனுமதித்த நிர்வாகத்துக்கும் உண்டு என்று விதியில் எழுதப்பட்டிருந்தால், அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் சம்பளப் பட்டியலின் கடைசியில் இருப்பவரிடமிருந்து நிர்வாகத்தின் மேசைக்குப் போய்விடும்.